பீப்பாய்க்குக் கொடுக்கும் காசு

பிரான்சின் போர்தோவில் ஒயினை முதிர வைக்கும் ஓக் மரப் பீப்பாய் ஒன்று 225 லிட்டர் கொள்ளும். அடைத்தால் சரியாக 300 பாட்டில். பிரெஞ்சு ஓக்கில் புதிதாகச் செய்த பீப்பாயின் விலை சுமார் 800 யூரோ. திராட்சை, ஆள் கூலி, கண்ணாடி, தக்கை, லாரி வாடகை எதையும் சேர்க்காமல், மரத்துக்கு மட்டும் பாட்டிலுக்கு இரண்டரை யூரோவுக்கு மேல் போய்விடுகிறது. பிரான்சின் சூப்பர் மார்க்கெட்டில் அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் போட்டால், குடிக்கத் தகுந்த ஒயினே ஒரு பாட்டில் வாங்கிவிடலாம்.

அந்த மரம் ஒயினுக்கு என்ன தருகிறது? வனிலா வாசனை, வறுத்த ரொட்டியின் மணம், கூடவே கொஞ்சம் கசப்பும் துவர்ப்பும். சாப்பிட்டு முடித்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் குடிப்பவருக்கு அது சுகம்தான். அதே ஒயினை வஞ்சிரக் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தால் வனிலாவும் புளியும் வாய்க்குள் சண்டை போடும். அதிகக் காசு கொடுத்தவர், கொடுத்த காசுக்காகவே அந்தச் சண்டையைப் பொறுத்துக்கொண்டு “ஆகா” என்பார்.

ஒயின் விலையை ஏற்றுகிற சமாச்சாரங்களில் பாதிக்குச் சாப்பாட்டு மேசையில் வேலையே கிடையாது. புதிய ஓக், கெட்டியான சாறு, 14.5 சதவீத ஆல்கஹால், ஊர்ப் பெயர், கனத்த கண்ணாடி எல்லாமே இந்தக் கணக்கில் வரும். சில ஒயின் பாட்டில்கள் காலியாகவே ஒரு கிலோவை நெருங்குகின்றன. 400 கிராம் கண்ணாடியே அதே ஒயினைப் பத்திரமாகத் தாங்கும். பிரிட்டனின் பெயர்பெற்ற ஒயின் எழுத்தாளர் ஜான்சிஸ் ராபின்சன் கனத்த பாட்டில்களை விடாமல் கண்டித்து எழுதிவருகிறார். உணவோடு குடிக்க ஒயின் தேடுபவர் எளிய பாட்டிலை எடுப்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. பல நேரம் அந்த மேசைக்கு அதுதான் சரியான ஒயின்.

அதற்காக, அலமாரியில் ஆக மலிவானதை எடுத்துவிடலாம் என்று அர்த்தம் ஆகாது. தமிழர்கள் நிறைய வாழும் பிரிட்டனையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். அங்கே 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த விகிதப்படி, 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒரு பாட்டிலுக்குக் கலால் தீர்வை மட்டும் 2.88 பவுண்டு. அதோடு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. 7 பவுண்டு பாட்டிலில் வரி இரண்டும் போக மிஞ்சுவது 2.95 பவுண்டு. அதில்தான் கடைக்காரர் லாபம், கப்பல் கூலி, கண்ணாடி, லேபிள், கடைசியாக ஒயின். 10 பவுண்டு பாட்டிலில் மிஞ்சுவது 5.45. வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பது 3 பவுண்டு. உள்ளே இருக்கும் சரக்குக்குப் போகும் பணம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. விலை ஏறினாலும் தீர்வை ஏறாமல் நிற்பதால் வரும் வித்தை இது. 5 பவுண்டு பாட்டில் வாங்குபவர் பெரும்பாலும் வரியைத்தான் குடிக்கிறார். பிரிட்டனில் 9 முதல் 12 பவுண்டு வரையுள்ள தட்டில்தான் காசுக்கு மதிப்பு அதிகம். 20 பவுண்டுக்கு மேல் போனால், கூடுதல் பணத்தில் பெரும்பகுதி பீப்பாய்க்கும் நிலத்தின் விலைக்கும் பெயருக்கும் போகிறது.

நிலத்தின் விலை என்பது சும்மா இல்லை. போர்தோவின் போயாக் பகுதியில் ஒரு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் 20 லட்சம் யூரோவைத் தாண்டும். லுவார் ஆற்றின் முகத்துவாரத்தில், நான்த் நகரத்தைச் சுற்றியுள்ள முஸ்கதே பகுதியில் சில பத்தாயிரம் யூரோவுக்கே ஒரு ஹெக்டேர் கிடைத்துவிடும். வெயிலும் மழையும் பத்திரம் பார்த்துப் பெய்வதில்லை.

மலிவு விலையில் மிக மோசமான கொள்முதல் எதுவென்றால், விலை உயர்ந்த ஒயினைப் போல நடிக்கிற மலிவான ஒயின். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் ஓக் மரச் சில்லுகளைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. எஃகுத் தொட்டியில் சில்லுகளைத் தேயிலை போல ஊறவிட்டால், பீப்பாய் வாங்காமலேயே வனிலா வாசனை வந்துவிடும். சட்டப்படி இதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். மெலிந்த ஒயினுக்கு மேலே மரவாடை மட்டும் தூக்கலாக நிற்கும். உணவோடு சேரும்போது அது இன்னும் துருத்தும். 8 பவுண்டு பாட்டிலின் பின்பக்கத்தில் “வனிலா”, “சாக்லேட்”, “டோஸ்ட்” என்று எழுதியிருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். “எலுமிச்சை”, “பச்சை ஆப்பிள்”, “செர்ரி”, “மிளகு” என்று எழுதியிருந்தால் பேசிப் பார்க்கலாம்.

விலைக்கும் ருசிக்கும் உள்ள உறவைப் பற்றி 2008இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில், கலிஃபோர்னியாவில் சிலரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து ஒயினைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர் என்றும் இன்னொரு தடவை 90 டாலர் என்றும் சொன்னார்கள். 90 டாலர் என்று சொன்னபோது ருசி அதிகம் என்றார்கள்; மூளையில் இன்பத்தைப் பதியும் பகுதியும் கூடுதலாகத் துடித்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ரசித்திருக்கிறார்கள். இன்னொரு ஆய்வு லேபிளை மறைத்து நடந்த 6,000க்கும் மேற்பட்ட சுவைப்புகளை அலசியது. ஒயினில் பயிற்சி இல்லாதவர்கள், விலை கூடிய ஒயினைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் அப்படி இல்லை. விலை கூடியதை அவர்கள் கொஞ்சம் அதிகம் விரும்பவும் கூடும் என்றே அந்த ஆய்வு காட்டியது. எனவே விருந்துக்கு வருகிறவர்கள் ஒயின் ரசிகர்கள் இல்லையென்றால், மறைத்து ஊற்றும் 40 பவுண்டு பாட்டில் வீண். விலையைச் சொல்லி ஊற்றினால் ஒருவேளை பலிக்கும்.

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது? சமையலறையிலேயே விடை இருக்கிறது. வெள்ளை ஒயின் ஒரு வாய் குடித்துவிட்டு, எலுமிச்சைத் துண்டு ஒன்றைக் கடித்து, மறுபடி அதே ஒயினைக் குடித்துப் பார்த்தால் புளிப்பு மங்கி, ஒயின் மிருதுவாகத் தெரியும். ஒரு தேக்கரண்டி தேன் நக்கிவிட்டுக் குடித்தால் அதே ஒயின் காடி போல உறைக்கும். உப்புக் கடலை நாலு மென்றுவிட்டுச் சிவப்பு ஒயினைக் குடித்தால் துவர்ப்பு அடங்கும். ஒயின் மாறவில்லை, நாக்கு மாறிவிட்டது. உணவில் உள்ள புளிப்பும் உப்பும் ஒயினை இளக்குகின்றன, இனிப்பு அதைக் கடுமையாக்குகிறது. உணவில் எவ்வளவு புளிப்போ அதற்குக் குறையாத புளிப்பு ஒயினில் வேண்டும், உணவில் எவ்வளவு இனிப்போ அதற்குக் குறையாத இனிப்பு வேண்டும். ஒயின் கடைக்காரர் அரை மணி நேரம் சொல்வதில் பெரும்பகுதி இவ்வளவுதான். நிறமெல்லாம் அதற்குப் பிறகு.

மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்ற பழைய விதிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஜப்பானின் மெர்சியன் ஒயின் நிறுவன ஆய்வாளர்கள் 2009இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சிப்பி வகைக் கடலுணவோடு பல டஜன் ஒயின்களைக் குடிக்க வைத்துப் பார்த்ததில், வாயில் மீன் கவிச்சியைக் கிளப்புவது ஒயினில் கரைந்துள்ள இரும்பு என்று கண்டார்கள். சிவப்பு ஒயின்களில் பொதுவாக இரும்பு கூடுதல் என்பதால் பழி நிறத்தின் மேல் விழுந்திருக்கிறது. இரும்பு குறைந்த சிவப்பு, மீனோடு குழப்பம் இல்லாமல் போகும். லேபிளில் யாரும் இரும்பின் அளவை அச்சிடுவதில்லை என்பதுதான் சிக்கல். எனவே மீனுக்கு வெள்ளையே பாதுகாப்பு. இறைச்சிக்குச் சிவப்புதான் என்பதற்கோ அந்த அளவு வலு இல்லை.

காசுக்கு மதிப்பான ஒயின் எங்கே கிடைக்கும் என்றால், எந்த ஒயினுக்கு என்றோ கெட்ட பெயர் வந்துவிட்டதோ அங்கே. இது பங்குச் சந்தைக்காரர்கள் பேசும் பேச்சு போலத் தோன்றும், ஆனால் ஒயின் அலமாரியில் இன்னும் நன்றாகவே பலிக்கிறது.

ஜெர்மனியின் ரீஸ்லிங் முதல் உதாரணம். 1970களில் பிரிட்டன் முழுக்கப் ‘புளூ நன்’ போன்ற லீப்ஃப்ராவ்மில்ஷ் வகை இனிப்பு ஒயின்கள் கொடிகட்டிப் பறந்தன. பிறகு ரசனை மாறியது. மலிவான இனிப்புத் தண்ணீர் என்ற அவப்பெயர் ஜெர்மன் வெள்ளை ஒயின் எல்லாவற்றின் மீதும் ஒட்டிக்கொண்டது. அதில் பெரிதாக அடி வாங்கியது, உலகின் மிக உயர்ந்த வெள்ளைத் திராட்சைகளில் ஒன்றான ரீஸ்லிங். மொஸல் ஆற்றங்கரையில் கரும்பலகைக் கல் சரிவுகளில், எந்திரம் ஏற முடியாத செங்குத்தில், ஆட்கள் கையால் பறிக்கும் திராட்சை அது. அந்த உழைப்புக்குப் பிரெஞ்சுக்காரர் கேட்கும் விலையில் பாதிகூட அவர்கள் கேட்பதில்லை. லேபிளில் ‘கபினெட்’ என்று இருந்தால் மெலிந்த வகை. பல பாட்டில்களில் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான். ‘ட்ரோக்கன்’ என்று இருந்தால் இனிப்பில்லை. ‘ஃபைன்ஹெர்ப்’ என்று இருந்தால் லேசான இனிப்பு. இந்த மூன்று சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும், ஜெர்மன் லேபிளில் மீதியைப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

காரச் சாப்பாட்டுக்கு இதைவிட ஒத்துப்போகும் ஒயினைக் கண்டுபிடிப்பது கடினம். மிளகாயில் உள்ள காப்சைசின், வாயில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைத்தான் தூண்டுகிறது. ஆல்கஹால் அதே முனைகளை இன்னும் சுலபமாகத் தூண்டப்பட வைக்கிறது. அதனால்தான் 14.5 சதவீதச் சிவப்பு ஒயினோடு நண்டுக் குழம்பு சாப்பிடுபவருக்குக் காது வரை எரிகிறது. துவர்ப்பு அந்த எரிச்சலின் மேல் உப்புக் காகிதம் போலத் தேய்க்கும். ஆல்கஹால் குறைவு, லேசான இனிப்பு, நல்ல புளிப்பு என்று மூன்றும் சேர்ந்தால் காரம் தணிந்து குழம்பின் ருசி மேலே வரும். பிரிட்டனின் புதிய கலால் முறை ஆல்கஹால் அளவைப் பார்த்தே தீர்வை போடுவதால், அதே 2025 விகிதப்படி 9 சதவீத பாட்டிலுக்கு 1.99 பவுண்டு, 14.5 சதவீத பாட்டிலுக்கு 3.21 பவுண்டு. காரத்துக்கு ஏற்ற ஒயினுக்கு அரசாங்கமே தள்ளுபடி கொடுத்தது போல ஆகிவிட்டது.

கெட்ட பெயர் வாங்கிய இன்னொன்று கமே என்ற சிவப்புத் திராட்சை. பர்கண்டியின் பிரபு துணிச்சல்கார ஃபிலிப் 1395இல் ஆணை போட்டு, கமே கொடிகளைத் தன் நாட்டிலிருந்து பிடுங்கி எறியச் சொன்னார். அது தெற்கே போஜொலே மலைகளில் கருங்கல் மண்ணில் வேரூன்றி நன்றாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை திறக்கும் ‘போஜொலே நூவோ’ உலகமெங்கும் விளம்பரத் திருவிழாவானது. அறுவடை முடிந்து சில வாரங்களிலேயே பாட்டிலுக்குள் போகும் அந்தப் பிஞ்சு ஒயினைக் குடித்தவர்கள், போஜொலே என்றாலே இதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த மலையில் மொர்கான், ஃப்ளூரி, ப்ரூயி, மூலான் ஆ வான் முதலிய பத்துக் கிராமப் பகுதிகள் தங்கள் பெயரிலேயே ஒயின் விற்கின்றன. லேபிளில் போஜொலே என்ற சொல் கண்ணில் படாமலும் போகலாம். துவர்ப்பு குறைவு, செர்ரி வாசனை, உறுத்தாத புளிப்பு. குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் கோழி வறுவலுக்கும், பொரித்த மீனுக்கும்கூட, கைகொடுக்கும். பக்கத்து பர்கண்டியில் இந்தத் தரத்துக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள். சிவப்பில் ஒன்றே ஒன்றைத்தான் சிபாரிசு செய்யலாம் என்றால் அது இதுதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். வெள்ளையில் முஸ்கதே, கடல் உப்பு மணக்கும், ஓக் வாடை அநேகமாக இருக்காது, பொரித்த நெத்திலிக்குப் பொருத்தம். வடக்குப் போர்ச்சுகலின் வின்யோ வெர்த் அதைவிட மெலிது. தென்னாப்பிரிக்காவின் ஷெனின் பிளாங்க் விலைக்கு மீறிய சரக்கு. சிவப்பில் ஸ்பெயினின் கலதாயூத், காம்போ தெ போர்ஹா பகுதிகளில் கிழட்டுக் கொடிகளில் விளையும் கர்னாச்சா; ஆல்கஹால் தூக்கல் என்பதால் காரமில்லாத ஆட்டிறைச்சிக்கு மட்டும். ஸ்பெயினின் காதிஸ் கடற்கரையில் பொரித்த மீனோடு குடிக்கும் மன்சனியா என்ற ஷெர்ரியைச் சாப்பாட்டு ஒயினாக அங்குள்ளவர்களைத் தவிர யாரும் நினைப்பதில்லை. 15 சதவீதம் என்பதால் சின்னக் கோப்பை போதும்.

தமிழ்ச் சாப்பாட்டு மேசையில் இன்றும் சிவப்புக்குத்தான் மவுசு. 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுக்காரர்களின் இதயத்தைச் சிவப்பு ஒயின் காக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. அங்கே சிவப்பு விற்பனை எகிறியது. அந்த நம்பிக்கை கண்டம் கடந்து வந்து, “சிவப்புன்னா ஒடம்புக்கு நல்லதுதானே மாமா?” என்று கேட்கும் மருமகன் வரை நிற்கிறது. எந்த அளவும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. மருந்தாக நினைத்துச் சிவப்பு வாங்குபவர், மருந்தும் கிடைக்காமல், மீன் குழம்பையும் கெடுத்துக்கொள்கிறார். ருசிக்காகக் குடிப்பதென்றால் ருசிக்கு எது சேருமோ அதை வாங்க வேண்டும்.

சிவப்புக்கு நம் சமையலில் இடமே இல்லையா என்றால், மிளகு இருக்கும் இடத்தில் இருக்கிறது. சிரா திராட்சையில் எழும் மிளகு வாசனைக்குக் காரணமான ரொட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அடையாளம் கண்டார்கள். கருமிளகில் இருப்பதும் அதே பொருள்தான். ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை மூக்கில் ஏறுவதே இல்லை என்பது வேடிக்கை. செட்டிநாட்டு மிளகுக் கறி வறுவலுக்குத் தென் பிரான்சின் விலை மலிந்த சிரா சரியான ஜோடி. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை வாங்கிக்கொள்ளும். தேங்காய்ப் பால் ஊற்றிய சொதிக்கு ஷெனின். மீன் குழம்புக்கு ஃபைன்ஹெர்ப் ரீஸ்லிங். சாம்பாருக்கும் ரசத்துக்கும்? அவற்றோடு எந்த ஒயினும் தேறாது. புளியும் பெருங்காயமும் கொதிக்கக் கொதிக்க வரும் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு போதும். அதற்கும் ஒரு ஜோடி கண்டுபிடித்துத் தரும் உணவக மெனுக்களை நம்ப வேண்டியதில்லை.

இந்தியாவில் கணக்கு வேறு. வெளிநாட்டு ஒயினுக்குச் சுங்கம் 150 சதவீதம் என்பதுதான் நெடுங்கால நிலைமை. அதற்கு மேல் மாநிலத்தின் வரிகள். 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தம், பாட்டிலுக்கு 5 டாலருக்கு மேல் இறக்குமதி விலை உள்ள ஒயினுக்குச் சுங்கத்தை 100 சதவீதமாகவும், 15 டாலருக்கு மேல் உள்ளதற்கு 75 சதவீதமாகவும் இறக்கியது. பத்து ஆண்டுகளில் இவை 50, 25 என்று இன்னும் இறங்கும். 5 டாலருக்குக் கீழுள்ள எளிய ஒயினுக்குச் சலுகை கிடையாது. உள்நாட்டுத் திராட்சை விவசாயியைக் காக்கும் ஏற்பாடு என்ற நியாயம் இதில் உண்டு. வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால், விலை கூடிய பாட்டிலுக்குத் தள்ளுபடியும் சாப்பாட்டுக்கு ஏற்ற எளிய பாட்டிலுக்கு முழு வரியும். அதனால் இந்தியாவில் 2,000 ரூபாய் கொடுத்து வாங்கும் வெளிநாட்டுச் சிவப்பு, அது பிறந்த ஊரில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒயினாகவே பெரும்பாலும் இருக்கும்.

நாசிக்கிலும் நந்தி மலையிலும் விளையும் உள்நாட்டு ஒயின் இங்கே நல்ல மாற்று. ராஜீவ் சாமந்த் தொடங்கிய சுலா ஒயின் நிறுவனம், சாவின்யோன் பிளாங்கையும் ஷெனின் பிளாங்கையும் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது 2000இல். நாசிக்கில் அறுவடை, ஐரோப்பாவுக்கு நேர்மாறாக, ஜனவரியில் தொடங்கி மார்ச் வாக்கில் முடிகிறது. இந்திய வெள்ளைகள் முதிர்ந்து மேம்படும் வகை அல்ல. லேபிளில் உள்ள ஆண்டு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டின் வெயிலில் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதக்கணக்கில் நின்று வெந்த பாட்டில், எந்த ஊர் ஒயினானாலும் வீண். அறை வெப்பத்தில் சிவப்பு ஒயின் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பியக் கல் வீடுகளின் 16, 18 டிகிரியை வைத்துச் சொன்னது. சென்னை அறையின் 32 டிகிரியில் சிவப்பைத் திறந்தால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் அறையும். அதுவும் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்த்தான் வர வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வழி உண்டு, கௌரவம் பார்க்காமல் இருந்தால். தென் ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் 1965இல் காப்புரிமை பெற்ற அட்டைப் பெட்டி ஒயின். உள்ளே இருக்கும் பை, ஒயின் குறையக் குறையச் சுருங்குவதால் காற்று நுழையாது. திறந்த பாட்டில் மூன்று நாள் தாங்கினால் இது ஒரு மாதத்துக்கும் மேல் தாங்கும். கண்ணாடிக்கும் தக்கைக்கும் போகிற காசு மிச்சம். சுவீடனில் விற்கும் ஒயினில் பாதி அளவுக்கு இப்படித்தான் போகிறது. ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடிக்கிற வீட்டுக்கு 3 லிட்டர் பெட்டி பாட்டிலைவிட லாபம். விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள் என்று தோன்றினால் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி வைக்கலாம். வாங்கும்போது ஒரே ஒரு கவனம்: பை கண்ணாடி அளவுக்குக் காற்றைத் தடுக்காது, எனவே திறக்காத பெட்டியும் ஓராண்டுக்கு மேல் நிற்காது. பெட்டியின் மேல் அச்சிட்ட அடைத்த தேதியைப் பார்த்து, அலமாரியின் பின்வரிசையிலிருந்து புதியதை இழுத்து எடுக்க வேண்டும்.